வயர் இப்ப ஆருக்கிட்ட?

“இதுக்குப் போய் மினக்கெடுறீங்களே, புதுசா ஒண்டு வாங்கிப் போட்டா முடிஞ்சுது.” வளவில் இருக்கிற பழைய யூஎஸ்பி பிரிண்டரை முன்வீடும் பின்வீடும் எப்படிப் பாவிப்பது என்று வாயைத் திறந்தாலே மட்டக்களப்பில் எனக்குக் கிடைத்த பதில் இதுதான். டவுனில் கணினி திருத்துகிற பொடியன் சொன்னான். கந்தோரில் பக்கத்து மேசைக்காரர் சொன்னார். கொழும்பிலிருந்து விடுமுறைக்கு வந்த மனுசியின் ஒன்றுவிட்ட தம்பி, தான் கட்டிலில் படுத்தபடி போனிலிருந்தே பிரிண்ட் எடுக்கிற பெருமையையும் சேர்த்துச் சொன்னான். ஒருவரும் பிழையாகச் சொல்லவில்லை. கையில் காசு இருந்து, வீட்டில் பிரிண்ட் எடுக்கிறவர் ஒரே ஆளாகவும் இருந்தால் நானும் அதையே சொல்லுவேன். ஆனாலும் அந்தப் பதில் எனக்குச் செமிக்கவில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற ஒரு மெசினை, அதன் கேபிள் பக்கத்து வீட்டுக்கு எட்டவில்லை என்ற ஒரே குற்றத்துக்காக ஒதுக்கிவிடுவது எந்தக் கணக்கில் சேரும் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். யோசனை கடைசியில் போய் நின்ற இடம் நான் எதிர்பார்த்தது அல்ல.

எங்கள் வளவைப் பற்றிச் சொன்னால்தான் மிச்சம் விளங்கும். கல்லடியில் மாமியின் வளவு. முன்வீடு மூத்தவளுக்குச் சீதனமாகப் போனது. அங்கே மச்சாளும் சகலனும் மகளும் இருக்கிறார்கள். பின்வீடு என் மனுசிக்கு எழுதியது; அங்கே நாங்கள். இரண்டையும் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு மாமாவும் மாமியும் நடுவில், கிணற்றடியோடு ஒட்டினாற்போலக் கட்டிய இரண்டறை வீட்டில் இருக்கிறார்கள். பிரிண்டர் இருப்பது அந்த நடுவீட்டில். பேத்தி படிக்கட்டும் என்று மாமா பென்சன் காசில் வாங்கியது. முன்வீட்டுக்குத் தூக்கினால் பின்வீட்டில் ஒரு முகம் சுருங்கும், பின்வீட்டுக்குத் தூக்கினால் முன்வீட்டில். இதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, சொல்லத் தேவையும் இல்லை. அது நடுவிலேயே இருக்க வேண்டியது.

பயன்படுத்துகிறவர்களோ இரண்டு பக்கமும். மச்சாள் ஐந்தாம் ஆண்டு டீச்சர். புலமைப்பரிசில் நெருங்கும் காலத்தில் மாதிரி வினாத்தாள் அடித்து முடியாது. அவருடைய மகள் உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு. பாஸ் பேப்பர், மார்க்கிங் ஸ்கீம் என்று அவளுடைய கட்டு வேறு. என் மனுசி வீட்டிலிருந்து இரண்டு மூன்று கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறவள். மாமாவின் பழைய டெஸ்க்டாப் உயிரோடு இருந்தவரை பிரச்சினை இல்லை. பென்டிரைவைக் கொண்டுபோய்ச் செருகினால் சரி. ஐப்பசி மழை தொடங்கிய கையோடு விழுந்த ஒரு இடியில் அதன் மதர்போர்ட் அடித்துப் போனது. அதற்குப் பிறகு லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு நடுவீட்டுக்குப் போய், ஸ்டூலில் குந்தி, கேபிளைச் செருகிப் பிரிண்ட் எடுக்கிற நிலைமை. மழை நேரத்தில் லெப்டொப்பைச் சாரத் துணியால் மூடிக்கொண்டு வளவுக்குள் ஓடுகிற காட்சி மாமிக்கு மட்டும் நல்ல பம்பலாக இருந்தது.

பிரிண்டர் கேனான் எல்பிபி 2900. இலங்கையில் பாதிக் கொமினிகேசன் கடைகளை இதுதான் தூக்கி நிறுத்தியது என்று யாராவது சொன்னால் நான் மறுக்கமாட்டேன். நிமிசத்துக்கு 12 பக்கம், 2 எம்பி நினைவகம், முன்னால் திறக்கிற தட்டில் 150 தாள். நெட்வேர்க் என்ற பேச்சே இல்லை, பின்னால் ஒரு யூஎஸ்பி துளை மட்டும். இதன் 303 கார்ட்ரிஜும் எச்பியின் பழைய சின்ன லேசர்களுக்குப் போடுகிற 12ஏயும் கூடப்பிறந்தவை மாதிரி. அதனால் ரீஃபில் பண்ணத் தெரியாத கடை இல்லை, தூள் கிடைக்காத நாளும் இல்லை. 2022 மார்ச்சுக்கு முன் 200 ரூபாயை ஒட்டியிருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டபோது, புது மொடல்களின் கார்ட்ரிஜ் விலை கேட்டவர்கள் கடை வாசலிலேயே திரும்பினார்கள். எங்கள் மெசினுக்கு ஒரு போத்தல் தூள் போதுமானதாக இருந்தது. அந்த மார்ச்சில் மேல் மாகாணத்தில் தாள் இல்லாமல் தவணைப் பரீட்சையே தள்ளிப்போனது. வைக்கோலில் கடதாசி செய்த வாழைச்சேனை ஆலை இருக்கிற மாவட்டத்தில் நாங்கள் தாளுக்கு வரிசை பார்த்தோம். ஒரு தாளின் இரண்டு பக்கமும் அடிக்கிற பழக்கம் மச்சாளுக்கு அந்த வருசம் பிடித்தது, இன்றுவரை விடவில்லை. இந்தப் பழக்கத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரவுட்டரின் முதுகில் உள்ள துளை

யூஎஸ்பி பிரிண்டரைப் பல பேர் பாவிக்க முதலில் எல்லோருக்கும் தோன்றுவது விண்டோஸின் பகிர்வு வசதி. ஒரு கணினியில் செருகு, அதை ஷெயார் பண்ணு, மற்றவர்கள் அதன் வழியாக அனுப்பட்டும். இதற்கு அந்த ஒரு கணினி எந்நேரமும் விழித்திருக்க வேண்டும். எங்களிடம் விழித்திருந்தது இடியோடு போய்விட்டது. அது இருந்திருந்தாலும் தலையிடிதான்: 2021 ஜூலையில் பிரிண்ட்நைட்மேர் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியே வந்து, அதை அடைக்க அடுத்தடுத்துத் திருத்தங்கள் இறங்கி, அந்த செப்டம்பரோடு ‘11பி’ என்று முடிகிற ஒரு பிழை எண் உலகம் முழுக்கப் பகிர்வுப் பிரிண்டர்களை நிறுத்தியது. ஓட்டையை அடைத்தது சரியான வேலைதான். அடைத்த பிறகு வீட்டுக்காரன் பாடு எப்படி என்று யாரும் கேட்கவில்லை.

அடுத்து, ரவுட்டரின் முதுகில் இருக்கிற யூஎஸ்பி துளை. பிரிண்டரை அதில் செருகினால் எல்லா லெப்டொப்பும் பிரிண்ட் எடுக்கலாம் என்று பெட்டியில் படமே போட்டிருக்கும். எங்களுடையது எடுக்கவில்லை, எடுக்கவும் முடியாது. இந்தக் காரணம் தெரியாமல்தான் நிறையப் பேர் பிரிண்டர் பழுது என்று முடிவு கட்டுகிறார்கள். ரவுட்டரில் உள்ள சாதாரணப் பிரிண்ட் சர்வர் ஒருவழிப் பாதை. கணினி அனுப்பியதை வாங்கிப் பிரிண்டருக்குள் தள்ளிவிடுவதோடு அதன் கடமை முடிந்தது. பக்கத்தைத் தானே வரைந்துகொள்ளும் மூளை உள்ள பிரிண்டருக்கு அது போதும். எல்பிபி 2900 அந்த வகை இல்லை. அதற்குள் மூளை என்று சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை, விலை குறைந்ததும் அதனால்தான். பக்கத்தைப் புள்ளி புள்ளியாக வரைந்து சுருக்குவது கணினியில் உள்ள டிரைவர் மென்பொருள். அந்த டிரைவர், கேப்ட் என்று கேனான் பெயர் வைத்த முறையில், பிரிண்டரோடு ஓயாமல் கதைத்துக்கொண்டே இருக்கும்: தாள் இருக்கிறதா, மூடி சாத்தியிருக்கிறதா, அடுத்ததை அனுப்பவா? பதில் வராவிட்டால் அனுப்பாது. எச்பி லேசர்ஜெட் 1020 இன்னும் ஒரு படி மேலே. ஒவ்வொரு தரமும் சுவிட்சைப் போட்டதும் அதன் உள் மென்பொருளான ஃபேர்ம்வெயரையே கணினி ஊட்டிவிட வேண்டும். இப்படிப்பட்ட மெசின்களுக்கு ஒருவழிப் பாதையால் பிரயோசனமில்லை.

ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியை வாங்கி லினக்ஸ் போட்டுப் பார் என்று நண்பர் ஒருவர் ஆசை காட்டினார். கேனான் லினக்ஸுக்குத் தந்த கேப்ட் டிரைவர் இன்டெல் வகைச் சில்லுகளுக்கானது, பையின் ஏஆர்எம் சில்லில் அது ஓடாது. தன்னார்வலர்கள் எழுதிய ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் நான் வீட்டில் இல்லாத நேரம் அது படுத்தால் மாமி யாரைக் கூப்பிடுவார் என்று நினைத்ததும் அந்த ஆசையை விட்டேன்.

மிஞ்சியது வயர்லெஸ் டிவைஸ் சர்வர். கைக்குள் அடங்குகிற பெட்டி, ஒரு யூஎஸ்பி துளை, ஒரு லேன் (நெட்வேர்க் கேபிள்) துளை, 5 வோல்ட் அடப்டர். பிரிண்ட் சர்வருக்குத் தம்பி மாதிரி தோற்றம், செய்கிற வேலை வேறு. இதற்குப் பிரிண்ட் என்றால் என்னவென்றே தெரியாது. யூஎஸ்பி கேபிளுக்குள் இரண்டு திசையிலும் ஓடுகிற எல்லாவற்றையும் அப்படியே பொட்டலம் கட்டி வைஃபையில் அனுப்பும். லெப்டொப்பில் போடுகிற மென்பொருள் ஒரு பொய்யான யூஎஸ்பி துளையை உண்டாக்கி, பொட்டலத்தைப் பிரித்து அதற்குள் விடும். ‘கனெக்ட்’ அழுத்தியதும் விண்டோஸ் அந்த இரட்டைச் சத்தத்தைப் போடும், பிரிண்டரைப் பக்கத்தில் செருகியது மாதிரியே. டிரைவருக்கு வித்தியாசம் தெரியாது. கேட்ட கேள்விக்குப் பதில் வருகிறது, அதற்கு அது போதும்.

ஆனால் நிபந்தனை ஒன்று உண்டு. கேபிள் ஒரு நேரத்தில் ஒரு லெப்டொப்பில்தான் இருக்கும். ஒருவர் பிடித்திருந்தால் மற்றவர்களுக்கு அது ‘பாவனையில்’ என்று மட்டும் தெரியும். விட்டால்தான் அடுத்தவர். வாங்குவதற்கு முன் நான் வாசித்த எல்லா இடத்திலும் இதைக் குறையாகத்தான் எழுதியிருந்தார்கள். நானும் குறை என்றே நம்பி, விலைக்கு இதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று வாங்கினேன்.

இரண்டு ரவுட்டர், இரண்டு ஊர்

பொருத்துவது பெரிய வித்தை இல்லை. முதலில் லேன் கேபிளால் ரவுட்டரோடு கட்டி, அமைப்புப் பக்கத்தைத் திறந்து, வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்து, டபிள்யூபிஏ2 பாதுகாப்பைத் தெரிவு செய்து, பிறகு கேபிளைக் கழற்றி நடுவீட்டுக்குக் கொண்டுபோனால் சரி. பெட்டி 2.4 கிகாஹேர்ட்ஸ் மட்டும் பேசும் வகை. ரவுட்டர் இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்திருந்ததால் குழப்பம் வராமல் 2.4க்குத் தனிப் பெயர் வைத்தேன். தொழிற்சாலையிலிருந்து வந்த நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றினேன். இதைப் பெரும்பாலானோர் செய்வதில்லை, செய்யுங்கள். முன்வீட்டு லெப்டொப்கள் இரண்டும் உடனே பிடித்துக்கொண்டன.

பின்வீட்டில் ஒன்றுமே தெரியவில்லை. வைஃபை இருக்கிறது, இணையம் இருக்கிறது, மென்பொருளின் பட்டியல் மட்டும் வெறுமை. ஃபயர்வோலை நிறுத்தினாலும் அதே வெறுமை. விசயம் என்னவென்றால், பின்வீட்டுக்குச் சிக்னல் எட்டவில்லை என்று முன்பு ஒருதரம் ஆள் பிடித்து இரண்டாவது ரவுட்டர் போட்டிருந்தோம். வந்த பொடியன் முன்வீட்டிலிருந்து இழுத்த கேபிளை அதன் வேன் (வெளி இணையத்துக்கான) துளையில் செருகிவிட்டுப் போயிருந்தான். இணையம் வந்தது, நாங்களும் காசைக் கொடுத்து அனுப்பினோம். ஆனால் அப்படிச் செருகினால் இரண்டாவது ரவுட்டர் தனக்கென்று ஒரு நெட்வேர்க்கை உண்டாக்கிக்கொள்ளும். முன்வீட்டுக்கு 192.168.1 என்று தொடங்குகிற முகவரிகள், எங்களுக்கு 192.168.0 என்று. டிவைஸ் சர்வரைத் தேடுகிற மென்பொருள் ‘யாராவது இருக்கிறீர்களா’ என்று நெட்வேர்க் முழுக்கக் கத்தும். அந்தக் கத்தல் தன் நெட்வேர்க்கின் வேலியைத் தாண்டாது. ஒரே வளவுக்குள் இரண்டு ஊர்.

கேபிளை லேன் துளைக்கு மாற்றி, இரண்டாவது ரவுட்டர் முகவரி பங்கிடுகிற டிஎச்சிபியை நிறுத்தி, அதற்கு 192.168.1.2 என்று கையால் முகவரி போட்டதும் அது ரவுட்டர் வேலையை விட்டு வெறும் ஒலிபரப்பியாக மாறியது. பட்டியலில் பிரிண்டர் வந்து உட்கார்ந்தது. உங்கள் வீட்டில் கெஸ்ட் வைஃபையில் இருக்கிற லெப்டொப்பிலும் இதே வெறுமைதான் வரும். கெஸ்டில் இருப்பவர்கள் வீட்டுக்காரரைப் பார்க்கக் கூடாது என்பதுதான் அதன் ஏற்பாடு.

கரண்ட் விசயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ரவுட்டருக்கு ஒரு மினி யூபிஎஸ் உண்டு, அதில் டிவைஸ் சர்வரையும் கட்டலாம். லேசர் பிரிண்டரை மட்டும் அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். தூளை உருக்கித் தாளில் ஒட்டுகிற உருளை சூடாகும்போது பல நூறு வாட் இழுக்கும், மேசைக் கணினிக்கு வைக்கிற சின்ன யூபிஎஸ்ஸே அதைத் தாங்காது. ஆகவே கரண்ட் இல்லாவிட்டால் எங்கள் நெட்வேர்க் மட்டும் அழகாக விழித்திருக்கும், பிரிண்டர் நித்திரை.

வாயால் கேட்காத தங்கச்சி

முதல் சண்டை கெதியிலேயே வந்தது. மச்சாள் கனெக்ட் பண்ணி வினாத்தாள் அடித்துக்கொண்டிருந்த நேரம், பின்வீட்டில் என் மனுசிக்கு அவசரமாக ஒரு இன்வொய்ஸ் வேண்டியிருந்தது. மென்பொருளில் ‘விடச்சொல்லிக் கேள்’ என்கிற அர்த்தத்தில் ஒரு பொத்தான் உண்டு. பிடித்திருக்கிறவரின் திரையில் ஒரு சின்னப் பெட்டி குதிக்கும்: இன்ன கணினி சாதனத்தைக் கேட்கிறது, விடுகிறீர்களா? இவள் அதை அழுத்தினாள். மச்சாளின் திரையில் வந்ததோ ‘டெஸ்க்டாப்’ என்று தொடங்கி எழுத்தும் இலக்கமும் கலந்த ஒரு பெயர், அதுவும் இங்கிலீசில். ஏதோ வைரஸ் என்று நினைத்து, பெட்டி மறையட்டும் என்று ‘யெஸ்’ஸை அழுத்திவிட்டார். உருளைக்குள் இருந்த தாள் வெளியே விழுந்தது, அடுத்தது வரவில்லை. பிரிண்ட் கியூ முழுக்கச் சிவப்பு.

வளவுக்குள் இறங்கி வந்து கேட்டார்: “என்னகா, வாயால கேக்க மாட்டியா? கூப்பிடுற தூரத்துல இருந்துகொண்டு மெசினால கேக்கிறா. நான் என்ன உனக்குக் கந்தோர் பியூனா?”

மனுசி, “நான் கேட்டது பிரிண்டரைத்தான் அக்கா, உங்களை இல்ல” என்றாள். அது இன்னும் பிழையாகப் போனது.

அன்றிரவு நான் இரண்டு காரியம் செய்தேன். கணினிகளுக்கெல்லாம் வீட்டு முறைப்பெயர் வைத்தேன். அடுத்த முறை பெட்டி குதித்தால் கேட்பது தங்கச்சி என்றாவது தெரியட்டும். இரண்டாவது, ‘தானாக இணை’ என்ற வசதியை எல்லா லெப்டொப்பிலும் போட்டுவிட்டேன். பிரிண்ட் கொடுத்தால் மென்பொருளே பிடிக்கும், அடித்து முடிந்ததும் தானே விடும். யாரும் யாரையும் கேட்கத் தேவையில்லை. கொஞ்ச நாள் வளவு அமைதியாக இருந்தது. மாமா கூட, “இப்ப சரி மருமகன், ஆரும் ஆரோடயும் கொழுவல் இல்ல” என்றார். புதுசு வாங்கச் சொன்னவர்களுக்கெல்லாம் மனதுக்குள் பதில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பிறகு வந்தது அந்த வினாத்தாள்.

மச்சாளின் இரண்டு பக்க அச்சு எப்படி நடக்கும் என்றால், எல்பிபி 2900க்குத் தாளைத் தானே புரட்டத் தெரியாது. முதல் பக்கத்தை வகுப்புப் பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு அடிக்க வேண்டும். நடுவீட்டுக்குப் போய், சூட்டோடு சுருண்டு கிடக்கிற தாள்களை எடுத்து, முழங்காலில் தட்டி விளிம்பைச் சேர்த்து, எழுத்து கீழே போகிற மாதிரி எந்த முனை உள்ளே என்று பார்த்து மறுபடி தட்டில் வைக்க வேண்டும். திரும்ப முன்வீட்டுக்கு வந்து இரண்டாம் பக்கத்தைக் கொடுக்க வேண்டும். மழைக்காலத்தில் ஈரம் குடித்த தாள் லேசில் படிந்து கொடுக்காது, அதனால் மச்சாள் கொஞ்ச நேரம் அதோடு நின்று மல்லுக்கட்டுவார். அன்றைக்கும் கட்டினார். அடுக்கி வைத்துவிட்டு, மாமி தந்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத்தான் கிளம்பினார்.

முதல் பக்கம் முடிந்ததும் மென்பொருள் தன் கடமைப்படி பிரிண்டரை விட்டிருந்தது. முன்வீட்டு மற்ற அறையில் மகள் இரசாயனவியல் பாஸ் பேப்பருக்குப் பிரிண்ட் கொடுத்தாள். அம்மா நடுவீட்டில் என்ன செய்கிறார் என்று அவளுக்குத் தெரியாது; அறையில் ஹெட்போன். மென்பொருள் பிடித்தது, அடித்தது, விட்டது. சுற்றாடல் வினாக்களின் முதுகில் சேதன இரசாயனம். மச்சாள் திரும்பி வந்து இரண்டாம் பக்கத்தைக் கொடுத்தபோது மேலே இருந்த தாள்கள் ஏற்கனவே போய்விட்டன, மிச்சத்தில் அவருடையது விழுந்து, தட்டு காலியாகி நின்றது. காலையில் அவசரமாகக் கட்டை அப்படியே பையில் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனார்.

வகுப்பில் ஒரு சின்னவன் எழும்பி நின்று, “டீச்சர், இந்த அறுகோணத்துக்கு எத்தின பக்கம் எண்டு எழுதோணுமா?” என்று கேட்டானாம். பென்சீன் வளையம்.

மச்சாள் இதைச் சொல்லிச் சிரித்தார், பிறகு சிரிப்பு நின்றது. தாள் போன கவலை ஒரு பக்கம். அதைவிட அவருக்குப் புரியாதது, யார் மீது கோபப்படுவது என்பது. மகள் செய்தது பிழை இல்லை. தானும் பிழை இல்லை. போனமுறை கோபப்பட ஒரு தங்கச்சியாவது இருந்தாள்.

மாமா இதையெல்லாம் கேட்டுக்கொண்டு சாய்மனைக் கதிரையில் இருந்தார். கோட்டைக்குள் மாவட்டக் கச்சேரிக் கந்தோர் இருந்த காலத்தில் கிளாக்காக வேலை பார்த்தவர். “எங்கட றோனியோ அச்சு மெசினும் இப்படித்தான்” என்று தொடங்கினார். “ஒருத்தன் ஸ்டென்சில் ஏத்தினா அவன் வேல முடிச்சு, ஸ்டென்சிலக் கழட்டி, மையத் துடைக்கும் மட்டும் மற்றவன் கிட்டப் போகேலா. ஏஜிஏ ஐயா சொன்னாலும் ஏலாது. நடுவில கைய வெச்சா ரெண்டு பேர்ட வேலையும் பாழ். நீங்க என்ன செய்ததெண்டா மருமகன், ஒவ்வொரு தாளுக்கும் ஒருக்கா ஸ்டென்சிலக் கழட்டிப் போட்டீங்க.”

மென்பொருளின் கையேட்டில் இல்லாத விளக்கம் இது. பிரிண்டருக்கு ஒரு வேலை என்பது கியூவில் உள்ள ஒரு கோப்பு; அது முடிந்தால் வேலை முடிந்தது. மச்சாளுக்கு வேலை என்பது முதல் பக்கம், தட்டுவது, புரட்டுவது, தேத்தண்ணி, இரண்டாம் பக்கம் எல்லாம் சேர்ந்தது. இடையில் பிரிண்டர் சும்மா கிடப்பது மாதிரித் தெரியும். அது சும்மா இல்லை, அவருடைய கையில் இருக்கிறது. தானாக இணைகிற வசதிக்கு இந்த வித்தியாசம் தெரிய வழியே இல்லை. ‘ஒரு நேரத்தில் ஒருவர்’ என்று எல்லோரும் குறை எழுதிய அந்த நிபந்தனைக்குத்தான் அது தெரியும். நான் பொறுத்துக்கொள்ளலாம் என்று வாங்கிய குறைதான் எங்களுக்கு வேண்டிய சங்கதி. விலை கூடிய வைஃபை பிரிண்டரை வாங்கிப் போட்டிருந்தாலும் இதே பென்சீன் வளையம் இதே வினாத்தாளின் முதுகில் விழுந்திருக்கும்; அதுவும் வருகிற கோப்புகளை வரிசையில் வாங்கி அடித்துக்கொண்டே போகும், ‘கொஞ்சம் பொறு, நான் புரட்டிக்கொண்டிருக்கிறேன்’ என்று சொல்ல அதில் பொத்தான் கிடையாது. தாளைத் தானே புரட்டுகிற மொடல் வாங்கலாமே என்பீர்கள். வாங்கலாம். அதன் கார்ட்ரிஜ் விலையைக் கேட்டுவிட்டு வந்து சொல்லுங்கள்.

இப்போது ஏற்பாடு இதுதான். மச்சாளின் லெப்டொப்பில் தானாக இணைவதை எடுத்துவிட்டேன். அவர் பிடிக்கும்போது பிடிக்கிறார், புரட்டி முடித்து, எண்ணிப் பார்த்து, பிறகு விடுகிறார். மற்றவர்களுக்குத் தானாக இணைவது அப்படியே இருக்கிறது. மச்சாள் பிடித்திருந்தால் அவர்களுடைய கோப்பு கியூவில் கிடக்கும், விட்டதும் அடிக்கும். விடச்சொல்லிக் கேட்கிற பொத்தானை மனுசி தொடுவதில்லை. பின்வாசலில் நின்று “அக்கோய், வயர் இப்ப ஆருக்கிட்ட?” என்று கூப்பிடுகிறாள். வயர் இல்லாத சாதனத்துக்கு வயர் என்ற பெயர் வளவில் நிலைத்துவிட்டது.

யாருக்கு இது சரிவராது என்பதையும் சொல்ல வேண்டும். உங்கள் வீட்டில் பிரிண்ட் என்றால் வாட்ஸ்அப்பில் வந்த பிடிஎஃபைப் போனிலிருந்தே எடுப்பதுதான் என்றால் இந்தப் பெட்டியை வாங்காதீர்கள். பொய் யூஎஸ்பி துளையை உண்டாக்கக் கணினி வேண்டும், பிரிண்டருக்கான டிரைவரும் அதற்குள் இருக்க வேண்டும். போன் இரண்டிலும் சேராது. மாமிக்கு கோவில் நோட்டீஸ் வந்தால் இன்றைக்கும் எங்களில் ஒருவருக்கு அனுப்பித்தான் எடுக்கிறார். ஸ்கேனரோடு சேர்ந்த மொடல் வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு லாபம் உண்டு: சாதாரணப் பிரிண்ட் சர்வரில் போகாத ஸ்கேனும் இதில் போகும், ஆனால் ஸ்கேன் பண்ணும்போது கையால் கனெக்ட் பண்ணியாக வேண்டும்.

இதற்கும் ஆயுள் உண்டு என்று தெரியும். இரண்டு டிரைவர்களில் தொங்குகிற ஏற்பாடு இது: பிரிண்டருடையது ஒன்று, பொய்த் துளையுடையது ஒன்று. மச்சாளின் லெப்டொப் விண்டோஸ் 10. அதற்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது. என்னுடைய விண்டோஸ் 11இல் இரண்டு டிரைவரும் ஓடுவதால் அவருக்கு மாற்றிக் கொடுப்பதில் பயமில்லை. சிக்கல் மகளிடம்தான். கம்பசுக்குப் போகும்போது புது லெப்டொப் வேண்டும் என்கிறாள், அவள் காட்டுகிற மொடலில் இருப்பது ஸ்னாப்டிராகன் சில்லு. அது ஏஆர்எம் வகை. சாதாரண மென்பொருளை அது எப்படியாவது பாவனை காட்டி ஓட்டிவிடும். விண்டோஸின் அடிவயிற்றில் உட்காருகிற டிரைவரை அப்படி ஓட்ட முடியாது, அந்தச் சில்லுக்கென்றே எழுதியிருக்க வேண்டும். பாற்றரி நாள் முழுக்க நிற்குமாம், பாரமும் இல்லையாம். தாத்தாவின் பிரிண்டரோடு பேசாது என்பதற்காக அதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாமாவிடம் கேட்டேன். “அவள் கம்பசுக்குப் போனா அங்க எடுப்பாள்தானே. வீட்ட வந்தா தாய்ட லெப்டொப்புல எடுக்கட்டும்” என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, “டோனர் காச மட்டும் இனி மூண்டாப் பிரிக்காம ரெண்டாப் பிரியுங்க” என்றார். அது முன்வீடு, பின்வீடு என்று இரண்டா, மச்சாள், மனுசி என்று இரண்டா என்பதில் இன்னும் முடிவு வரவில்லை.